பயன்படுத்திய சிறிய ஹேட்ச்பேக் கார்களில் எஞ்சினின் நம்பகத்தன்மையையும் ஓட்ட இலகுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

பயன்படுத்திய சிறிய கார் வாங்க நினைப்பவர்கள் இரண்டு மூன்று வண்டிகளைப் பார்த்துவிட்டு, ஓடிய கிலோமீட்டர், வண்டியின் வயது, விலை ஆகியவற்றை அருகருகே வைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை, சாவியைத் திருப்பியதும் இயங்கியது, கொஞ்ச தூரம் ஓட்டியதில் நன்றாக இழுத்தது என்ற அளவிலேயே சோதனை நின்றுவிடுகிறது. சிறிய காருக்கு இந்தச் சோதனை போதாது. பெரிய காராக இருந்தாலும் சிறிய காராக இருந்தாலும் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிறிய காரின் மதிப்பு குறைவு என்பதால், ஒரே ஒரு பெரிய பழுது வண்டியின் மதிப்பில் பாதியை விழுங்கிவிடும்.

எந்த நிறுவனத்தின் கார் நல்லது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதன் வடிவமைப்போடு பிறந்த பலவீனம் ஒன்றாவது உண்டு. அது எதுவென்று முதலில் தெரிந்துகொண்டு, எதிரே நிற்கும் வண்டியில் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பதே ஒப்பீட்டின் முதல் பாதி. ஓட்டும்போது கையிலும் காலிலும் உணரும் சிறு குறைகளை, ஓட்டுபவரின் வசதிக் குறைவாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும் குறிப்புகளாகப் படிப்பது மறு பாதி. நம்பகத்தன்மையையும் ஓட்ட இலகுவையும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டுபவர்கள் இந்த இரண்டாவது பாதியைத் தவறவிடுகிறார்கள்.

காரின் பெயரை விட்டுவிட்டு எஞ்சினின் பெயரைத் தேடுங்கள்

ஒரே மாடல் பெயரில் முற்றிலும் வேறான எஞ்சின்கள் இருக்கலாம். முதல் தலைமுறை ஹூண்டாய் ஐ10 காரில் 1.1 லிட்டர் எப்சிலான் எஞ்சின் டைமிங் பெல்ட்டில் இயங்கியது; அதே காரில் வந்த 1.2 லிட்டர் கப்பா எஞ்சின் டைமிங் செயினில் இயங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான். ஆனால் ஒன்றில் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேட்க வேண்டும், மற்றொன்றில் ஆயில் மாற்றிய வரலாற்றைக் கேட்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோவில் "1.2 டிஎஸ்ஐ" என்ற ஒரே பெயரில் வந்தவற்றில், ஈஏ111 வரிசையைச் சேர்ந்த முந்தைய எஞ்சின்களில் செயின் நீண்டுவிடும் குறை பரவலாக அறியப்பட்டது, பின்னர் வந்த ஈஏ211 வரிசையில் செயினை விட்டுப் பெல்ட்டுக்கு மாறிவிட்டார்கள். இந்த வேறுபாடு பின்கதவில் ஒட்டிய எழுத்துகளில் தெரியாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. டொயோட்டா அய்கோ, பெஜோ 107, சித்ரோயன் சி1 ஆகிய மூன்றும் 2005-இல் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒரே காரின் மூன்று முகங்கள். மூன்றிலும் 1கேஆர்-எஃப்இ என்ற 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உண்டு. ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின், சுசுகி ஸ்விஃப்ட் உட்படப் பல நிறுவனங்களின் சிறிய கார்களில் வேறுவேறு பெயர்களில் அமர்ந்தது. ஆகவே பதிவுச் சான்றிதழிலோ எஞ்சின் மீதோ உள்ள எஞ்சின் எண்ணின் முன்பகுதியையும் தயாரிப்பு ஆண்டையும் குறித்துக்கொண்டு, அந்த எஞ்சின் வகைக்கு உரிய பராமரிப்பு அட்டவணையைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

செயின், பெல்ட், ஆயிலில் நனையும் பெல்ட்

எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க்ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் இணைத்து, இரண்டையும் தாளம் தவறாமல் ஓடச் செய்வது டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட். பெரும்பாலான இன்றைய எஞ்சின்களில் இது அறுந்தாலோ சில பற்கள் தாவினாலோ, மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பழைய 8 வால்வு ஃபியட் 1.2 ஃபயர் எஞ்சினைப் போன்ற சிலவற்றில் மட்டும், பெல்ட் அறுந்தாலும் மோதல் நேராத அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். அத்தகைய எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி வழியில் நிற்கும், புதுப் பெல்ட் போட்டதும் ஓடும். மற்றவற்றில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

வெளியே உலர்ந்த நிலையில் ஓடும் ரப்பர் பெல்ட்டைப் பற்றி நான் பயப்படுவதில்லை. அதற்கு ஆண்டுக் கணக்கிலும் கிலோமீட்டர் கணக்கிலும் ஒரு தவணை உண்டு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். குறைவாக ஓடிய வண்டியை வாங்குபவர்கள் தடுக்கி விழுவது இந்த ஆண்டுக் கணக்கில்தான். பத்து ஆண்டுகளில் 35,000 கி.மீ. மட்டுமே ஓடிய கார் பார்க்கப் புதிதுபோல இருக்கும். ஆனால் ரப்பருக்கு வயது பத்துதான். பெல்ட்டுடன், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வாட்டர் பம்பும் சேர்த்து மாற்றப்பட்டனவா என்பதை ரசீதில் பார்க்க வேண்டும். ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

செயினுக்குத் தவணை இல்லை என்பதால் அது ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. செயினின் ஒவ்வொரு கண்ணியும் ஆயில் படலத்தின் மீதுதான் அசைகிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டியில் கண்ணிகள் தேய்ந்து செயின் நீளும். இரவு முழுவதும் நின்ற வண்டியை இயக்கியதும் ஓரிரு வினாடிகள் எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து சலங்கை குலுங்குவதுபோல் ஓசை எழுந்து அடங்குமானால், டென்ஷனர் தளர்ந்துவிட்டது அல்லது செயின் நீளத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். சுசுகியின் கே வரிசைப் பெட்ரோல் எஞ்சின்கள், டொயோட்டாவின் 1கேஆர், ஹோண்டா ஜாஸின் எல் வரிசை எஞ்சின்கள் ஆகியவை செயினைக் கொண்டவை. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் நீண்ட காலம் தொல்லை தராதவை. மேற்சொன்ன 1.3 மல்டிஜெட்டும் செயின் எஞ்சின்தான். ஆயிலைப் புறக்கணித்தால் அதன் செயின் பெட்ரோல் எஞ்சின்களைவிட விரைவாகத் தண்டனை தரும்.

மூன்றாவது வகையே இன்று பயன்படுத்திய சிறிய கார் வாங்குபவர் மிகவும் கவனிக்க வேண்டியது. உராய்வைக் குறைப்பதற்காகப் பெல்ட்டை எஞ்சினுக்குள் ஆயிலில் நனைந்தபடி ஓடச் செய்தார்கள். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினின் முந்தைய வடிவமும், பெஜோ, சித்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் எஞ்சினும் இந்த வகை. தவறான ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றத் தாமதித்தாலோ, குறுந்தூரப் பயணங்களால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்தாலோ பெல்ட்டின் ரப்பர் ஊறி, வெடித்து, துகள்களாக உதிரும். அந்தத் துகள்கள் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் அழுத்தம் குறைந்து எஞ்சின் சேதமாகலாம். ப்யூர்டெக்கில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப்பும் இதே துகள்களால் பாதிக்கப்படுவதால், பிரேக் மிதி திடீரென்று இறுகுவதும் இந்தப் பெல்ட்டின் அறிகுறியாக இருக்கலாம். இந்த எஞ்சினுக்கு அதன் தயாரிப்பாளர் ஐரோப்பாவில் 10 ஆண்டு அல்லது 175,000 கி.மீ. வரை உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டிய நிலை 2024-இல் ஏற்பட்டது.

ப்யூர்டெக்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெல்ட்டின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும். ஊறிய பெல்ட் அகலத்தில் பருத்துவிடும் என்பதால், அந்த வாய் வழியாகவே ஓர் அளவுகோலை வைத்து அகலத்தைச் சோதிக்கும் முறை பணிமனைகளில் உண்டு. கைவிளக்கு ஒன்றைக் கொண்டு சென்று, பெல்ட்டின் முதுகில் வெடிப்போ ஓரங்களில் நார் பிரிவோ தெரிகிறதா என்று பாருங்கள். ஆயிலில் நனையும் பெல்ட் உள்ள காரை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; உரிய ஆயில் தரத்தைப் பெயரோடு குறிப்பிட்டிருக்கும் ரசீதுகள் வரிசையாக இல்லாத நிலையில் அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

டர்போ, டீசல், எரிவாயு

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் விசிறி) இல்லாத, பெட்ரோலை உறிஞ்சுகுழாயிலேயே தெளிக்கும் எளிய எஞ்சினில் கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் குறைவு. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில், உறிஞ்சு வால்வின் முதுகைக் கழுவிவிடப் பெட்ரோல் அங்கே வருவதில்லை. அதனால் காலப்போக்கில் கரி படிந்து காற்று நுழையும் வழி குறுகும். குளிர்ந்த நிலையில் எஞ்சின் தடுமாறி, சூடானபின் சீராவது இதன் வழக்கமான அடையாளம். டர்போ எஞ்சினில் கூடுதலாக, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எழும் கூர்மையான சீழ்க்கை ஒலியையும், டர்போவிலிருந்து வரும் குழாய்களின் மூட்டுகளில் ஆயில் ஈரத்தையும் பாருங்கள்.

அண்மைக் கால டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது நீண்ட தூரம், சீரான வேகத்தில் ஓடினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடிய டீசல் காரில் வடிகட்டி அடைபட்டிருக்கும்; எரிக்கும் முயற்சி பாதியில் நின்றுநின்று டீசல் ஆயிலில் இறங்கியிருக்கும். ஆயில் மட்டத்தை அளக்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது நல்ல செய்தி அல்ல.

எரிவாயுவில் ஓட மாற்றியமைக்கப்பட்ட பெட்ரோல் காரில் வால்வு இருக்கைகள் விரைவாகத் தேயும். ஹோண்டாவின் எல் வரிசை போல வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டிய எஞ்சினானால், அந்த வேலை கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். இதே ஜாஸின் முதல் தலைமுறை 1.3 ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் எட்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. பின்வரிசை நான்கும் எளிதில் கை எட்டாத இடத்தில் இருப்பதால் முன்வரிசையை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவது நடக்கிறது. தாழ்ந்த வேகத்தில் உதறும் ஜாஸைப் பார்த்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்

வண்டியை இயக்காமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் பானெட்டின் மீது கை வைத்துப் பாருங்கள். ஒருமுறை நான் பார்க்கச் சென்ற காரின் பானெட் காலை ஏழு மணிக்கே சூடாக இருந்தது. "சற்றுமுன் கழுவ எடுத்தோம்" என்றார்கள். மறுநாள் சொல்லாமல் சென்று குளிர்ந்த நிலையில் இயக்கச் சொன்னபோது, நீலப் புகையும் செயின் ஓசையும் சேர்ந்தே வந்தன. சூடான எஞ்சின் தன் குறைகளில் பாதியை மறைத்துவிடும் என்பதை அன்று கற்றேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலன்ட் தெளிந்த நிறத்தில் இருக்க வேண்டும். துருநிறமாக இருந்தால் வெறும் தண்ணீரே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற பசை குளிர்காலக் குறுந்தூர ஓட்டத்தாலும் படியலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆனால் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் விடைபெறலாம். மூடியின் அடியிலும் அதன் வாயிலும் கறுத்த, கெட்டியான தாரைப் போன்ற படிவு இருந்தால், சர்வீஸ் புத்தகத்தில் எத்தனை முத்திரைகள் இருந்தாலும் ஆயில் உரிய காலத்தில் மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இயக்கும்போது இன்னொருவரைச் சைலன்சர் குழாயின் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். குளிரில் மெல்லிய வெண்ணிற ஆவி வந்து மறைவது இயல்பு. சூடானபின்னும் அடர்த்தியான வெண்புகை தொடர்ந்தால் பெட்ரோல் எஞ்சினில் கூலன்ட் எரிகிறது. நீலப்புகை ஆயில் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும் சொல்லும். இயக்கியவுடன் சற்று உயர்ந்த சுழற்சியில் ஓடும் எஞ்சின், சூடாகச் சூடாக இறங்கி, நிமிடத்துக்கு 650 முதல் 850 வரையிலான ஏதோ ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அப்போது ஏசியைப் போடுங்கள். ஊசி ஒரு கணம் தாழ்ந்து மீள்வது சரி, தாழ்ந்து எழுந்து தாழ்ந்து அலைவது சரியல்ல. ஆக்ஸிலரேட்டரைத் தொடாத ஐடில் ஓட்டத்தில் ஆயில் மூடியைத் திறந்து (மூடிக்கு அருகே பெல்ட் ஏதும் சுழலாத எஞ்சினில் மட்டும்) வாயின் மேல் உள்ளங்கையைக் காட்டினால், நல்ல எஞ்சினில் மெல்லிய மூச்சு தெரியும். குபுகுபுவென்று காற்று அடித்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன.

ஸ்கேனர் சொல்வது

காரின் கணினி பதிந்துவைத்த பிழைகளைப் படித்து, கைப்பேசியோடு இணையும் சிறிய ஓபிடி ஸ்கேனர் இந்த வேலைக்கு மிகவும் பயன்படும். பிழைக் குறியீடு ஏதும் இல்லை என்று திரையில் வந்தவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். சோதனை நிலைகள் (Readiness) என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் முதலியவற்றின் தற்சோதனைகள் பல "நிறைவடையவில்லை" என்று காட்டினால், பேட்டரியைக் கழற்றியோ குறியீட்டை அழித்தோ வண்டியை உங்களுக்குக் காட்டுகிறார்கள் என்று பொருள் கொள்ள இடமுண்டு. பி0300 தொடர் குறியீடுகள் சிலிண்டரில் எரிதல் தவறுவதையும், பி0016 கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் தாளம் தப்பியதையும் குறிக்கும். செயின் எஞ்சினில் பி0016 வந்தால் செயின் நீண்டிருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினின் கணினி எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ ஈடுசெய்யும் எரிபொருள் திருத்த அளவு (Fuel trim) நீண்டகாலக் கணக்கில் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கூலன்ட் வெப்பம் ஏறி 90 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். ஓடும்போது 70-க்கு இறங்கினால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது, நெரிசலில் 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மின்விசிறியோ ரேடியேட்டரோ வேலை செய்யவில்லை.

இரண்டு வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால், மெக்கானிக்கிடம், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் செய்யச் சொல்லலாம். பெட்ரோல் எஞ்சினில் 12 முதல் 14 பார் வரை வருவது வழக்கம் என்றாலும், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். மூன்று சிலிண்டர்களும் 11.5 காட்டும் எஞ்சினை, 13, 13, 10 காட்டும் எஞ்சினைவிட நான் விரும்புவேன்.

ஓட்டிப் பார்க்கும் முறை

ஓட்ட இலகுவை ஒப்பிட, ஒரே பாதை, ஒரே எண்ணிக்கையில் ஆட்கள், இரண்டிலும் ஏசி ஓடும் நிலை ஆகிய மூன்றும் வேண்டும். இவை மாறினால் ஒப்பீடு இல்லை. பாதையில் ஊர்ந்து செல்லும் நெரிசல், ஓர் ஏற்றம், வேகமெடுக்கக்கூடிய வெற்றுச் சாலை ஆகியவை இருக்கட்டும்.

புறப்படும் முன், தாளில் உள்ள எண்களைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் குதிரைத்திறனின் உச்சம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 6000 சுழற்சியை ஒட்டிக் கிடைக்கும். தினசரி ஓட்டம் 1500-க்கும் 2500-க்கும் இடையில் நடக்கிறது. அங்கே எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் கால் உணர்கிறது. 1கேஆர் எஞ்சின் 3600 சுழற்சியில் 93 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும், சுசுகியின் 1.2 லிட்டர் கே12 எஞ்சின் 4000-ஐ ஒட்டி சுமார் 115 தரும், ஈகோபூஸ்ட் 1.0 டர்போ 1400-லேயே 170 தரத் தொடங்கும். ஸ்விஃப்டில் வந்த 1.3 டீசல் 2000 சுழற்சியில் 190 தந்தாலும், அதற்குக் கீழே டர்போ விழிக்காத நிலையில் மந்தமாக இருக்கும். நெரிசலில் அடிக்கடி முதல் கியருக்கு இறங்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இந்த எண்களை எடையோடு சேர்த்துப் பாருங்கள். சுமார் 800 கிலோ எடையுள்ள காரில் 93 நியூட்டன் மீட்டர் என்றால் ஒரு டன்னுக்கு 116 வருகிறது. 1000 கிலோ காரில் 115 என்றால் டன்னுக்கு 115. ஒருவர் மட்டும் ஓட்டும்போது இரண்டும் சமம். நான்கு பேரும் பைகளுமாக 280 கிலோ ஏறியபின் கணக்கிட்டால், முதலாவது 86-க்கு இறங்குகிறது, இரண்டாவது 90-இல் நிற்கிறது. ஆக, தனியே அலுவலகம் செல்பவருக்குப் போதுமான சிறிய எஞ்சின், குடும்பத்தோடு மலைப்பாதை ஏறுபவருக்குப் போதாமல் போகிறது. எனவே சோதனை ஓட்டத்துக்கு, நீங்கள் வழக்கமாக எத்தனை பேரை ஏற்றிச் செல்வீர்களோ அத்தனை பேரை அழைத்துச் செல்லுங்கள்.

சமதரையில் முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். நல்ல எஞ்சின், வண்டியை உதறாமல் நகர்த்திச் செல்லும். கிளட்ச் மிதி மேலே வரும் கடைசி அங்குலத்தில்தான் பிடிக்கிறது என்றால் தட்டு தேய்ந்திருக்கிறது. இரண்டாம் கியரில் நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஊர்ந்து, அங்கிருந்து மெல்ல அழுத்திப் பாருங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் சில இங்கே குலுங்கும். அந்தக் குலுக்கம் 1500 சுழற்சிக்கு மேல் மறைந்துவிட்டால் அது வடிவமைப்பின் இயல்பு. மறையாமல் ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் தொடர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போயிருக்கலாம்.

வெற்றுச் சாலையில், மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை வினாடி ஆகிறது என்று, அருகில் அமர்ந்திருப்பவர் கைப்பேசியில் அளக்கட்டும். ஒரே மாடலின் இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இந்த ஒரு சோதனை நான் அறிந்தவற்றுள் மிகவும் நேர்மையானது. இரண்டு வினாடிக்கு மேல் பின்தங்கும் வண்டியில் ஏதோ ஒன்று குறைகிறது: அடைபட்ட கன்வெர்ட்டர், தேய்ந்த பிளக், குறைந்த கம்ப்ரஷன், நீண்ட செயின். அடுத்து நான்காம் கியரில் 50-இல் சென்றுகொண்டிருக்கும்போது முழுவதும் அழுத்துங்கள். சுழற்சி எகிறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு எஞ்சினின் பிடிமானத்திலேயே சிறிது தூரம் இறங்கி, பிறகு அழுத்தும்போது பின்கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தால் வால்வுத் தண்டின் சீல்கள் கடினமாகிவிட்டன.

நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில், கடைசிக் கியரில் எத்தனை சுழற்சி காட்டுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 3500-ஐத் தாண்டும் கார் ஏற்றத்தில் கியரை இறக்காமல் இழுக்கும், ஆனால் நீண்ட பயணத்தில் இரைச்சலால் களைப்பூட்டும். 2500-ஐ ஒட்டி ஓடும் கார் அமைதியாகச் செல்லும், ஆனால் முந்துவதற்கு ஒன்றிரண்டு கியர் இறங்க வேண்டும்.

தானியங்கி கியர் உள்ள சிறிய காரில், எஞ்சினைவிடக் கியர்பெட்டியே பெரும்பாலும் முதலில் செலவு வைக்கிறது. ஃபோர்டு ஃபியஸ்டாவின் பவர்ஷிஃப்ட், ஃபோக்ஸ்வாகனின் ஏழு வேக டிஎஸ்ஜி ஆகிய உலர்ந்த இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிகள், ஊர்ந்து செல்லும்போது நடுங்குவதற்குப் பெயர் பெற்றவை. அவற்றை ஐந்து நிமிடம் நெரிசலில் விட்டுவிட்டு ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. படிப்படியான கியர்கள் இல்லாமல் தொடர்ந்து மாறும் சிவிடி உள்ளவற்றில் அதன் எண்ணெய் மாற்றிய சான்றைக் கேளுங்கள். கிளட்சை மோட்டார் மிதிக்கும் ஏஎம்டி வகையில் கியர் மாறும்போது தலை முன்னே சாய்வது அதன் இயல்பு. ஏற்றத்தில் புறப்படும்போது கருகல் வாடை வருவது இயல்பல்ல.

உணர்ந்ததை எடைபோடுவது

ஓட்டும்போது தென்பட்ட குறைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. ஐடிலில் ஊசி அலைவது பெரும்பாலும் அழுக்கேறிய த்ராட்டில் பாடியாலோ (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) வெடித்த வேக்கம் குழாயாலோ வருவது. அரை நாள் வேலை. அழுத்தும்போது வெட்டிவெட்டி இழுப்பது இக்னிஷன் காயில் அல்லது பிளக்; அதுவும் எளிது. இத்தகைய குறை உள்ள காரின் ஓட்ட இலகு இன்று மோசமாக இருந்தாலும், எஞ்சின் திடமாக இருந்தால் அது நல்ல வாய்ப்பு. மற்றவர்கள் ஓட்டிப் பார்த்து முகம் சுளித்து விட்டுப்போன வண்டி அது. நேர்மாறாக, வெண்ணெய்போல் ஓடி, குளிர்ந்த நிலையில் மட்டும் இரண்டு வினாடி செயின் ஓசை தரும் வண்டியை எல்லோரும் பாராட்டுவார்கள். நான் அதை வாங்க மாட்டேன். வெப்பநிலை ஏறுவது, ஆயில் எரிவது, செயின் அல்லது நனைந்த பெல்ட்டின் அறிகுறி, சிலிண்டர்களிடையே கம்ப்ரஷன் வேறுபாடு ஆகிய நான்கில் ஒன்று உறுதியானாலும் அந்த வண்டியின் மற்ற நலன்களை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

இரண்டும் இந்தச் சோதனைகளைத் தாண்டிவிட்டால், மெதுவாகக் கெட்டுப்போகும் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். ஆயில் சற்றுக் குறைவதும் வால்வு ஓசை எழுவதும் மாதக்கணக்கில் எச்சரிக்கும். உள்ளே உதிரும் பெல்ட் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு எரியும் நாளில்தான் முதன்முதலாகப் பேசும். டர்போவின் இழுவை பிடித்திருந்து, அதன் ஆயில் வரலாறும் முழுமையாக இருந்தால் அதைத் தேர்வதில் தவறில்லை. வரலாறு பாதியாக இருந்தால், இழுவை குறைந்த எளிய எஞ்சினுக்கே என் வாக்கு.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை மீதம் இருக்கிறது. சோதனை ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விட்டு, ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழன்று நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். சூடான நிலையில் நீண்ட நேரம் சுற்றிய பிறகே இயங்கினால் கிராங்க் சென்சாரோ எரிபொருள் அழுத்தமோ பலவீனமாக இருக்கிறது. வண்டியை ஓரடி பின்னே நகர்த்தி, நின்ற இடத்தின் தரையைப் பாருங்கள். ஏசி விட்ட தண்ணீரைத் தவிர வேறு சொட்டு எதுவும் இருக்கக் கூடாது. வாங்கிய பின் முதல் வாரத்திலேயே, முந்தைய உரிமையாளர் நேற்றுதான் மாற்றியதாகச் சொன்னாலும், கையேட்டில் அச்சிட்டுள்ள தரக் குறியீட்டைக் கொண்ட எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அன்றைய கிலோமீட்டரை எழுதிவைத்து, அடுத்த 1000 கி.மீ. வரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.